எட்டு மணிக்குப் பூட்டிய கதவு

உள்ள வா தாயி. செருப்பு அங்கனயே கிடக்கட்டும். ஃபேனுக்கு நேரா உக்காரு, அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காரு. மோர் குடிக்கியா? இருக்கட்டும், பேசிட்டே குடிக்கலாம்.

உங்கப்பா போன்ல சொன்னாரு. எம்பிள்ளை திருப்பூர்ல ஃபேஷன் படிச்சிருக்கு, நீங்க போன அதே தொண்டுச் சங்கத்து மூலமா, அதே மலாவிக்கு, அதே தையல் திட்டத்துக்குப் போகுது, நீங்க போன வருஷம் போய்ட்டு வந்தவங்க, நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புங்கன்னாரு. நல்ல வார்த்தை எனக்கு வராது. நடந்ததைச் சொல்றேன். கேட்டுட்டு, போறதும் போகாததும் உன் இஷ்டம்.

நான் யாருன்னு உனக்குத் தெரியணும்ல. இதே கோவில்பட்டியில பெண்கள் ஐடிஐயில தையல் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. செண்பகவல்லி டீச்சர்னா மார்க்கெட் ரோட்டுல கேட்டுப் பாரு. இந்தச் சுத்துவட்டாரத்துல ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்குறவளுக பாதிப்பேரு என் கையால குட்டு வாங்கினவளுக. ரிட்டயர் ஆன மறுநாள் காலையில வழக்கம்போல சீலையைக் கட்டி, பையை மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் வந்துட்டேன். எங்க வீட்டுக்காரரு பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காமலே, "எங்க?"ன்னாரு. அம்புட்டுத்தான். அந்த ஒரு வார்த்தையில நான் உக்காந்துட்டேன்.

மகன் ஓசூர்ல இருக்கான். "வந்து பேரனைப் பாத்துக்கங்கம்மா"ன்னான். அவன் பிள்ளையைப் பாத்துக்கிறதுக்கா நான் முப்பது வருஷம் பேட்டர்ன் வெட்டினேன்? அவன்தான் ஒருநாள் விளையாட்டாச் சொன்னான், வெளிநாட்டுல தையல் சொல்லிக் கொடுக்கத் தொண்டு செய்ய ஆள் கேக்காங்கம்மான்னு. நான் விளையாட்டா எடுத்துக்கல. பேரனை அவங்களே பாத்துக்கட்டும், நான் ஆப்பிரிக்காவைப் பாத்துக்கிறேன்னு கிளம்பிட்டேன்.

பெட்டியில சீலை கொஞ்சந்தான். மத்ததெல்லாம் கத்திரிக்கோல், டேப்பு, பாபின், ஊசி, சாக்குக் கட்டி, பேட்டர்ன் வெட்ட பிரவுன் பேப்பர். ஐப்பசிக் கடைசியில போய் பிளான்டயர் ஏர்போர்ட்ல இறங்கினேன். லிம்பானின்னு ஒருத்தர் வந்திருந்தாரு. அங்க நம்ம திட்டத்தை நடத்துறவரு, அந்த ஊருக்காரரு. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, நல்ல மனுஷன். நான் கேட்ட முதல் கேள்வி, "மெஷின் எங்க?"

"துறைமுகத்துல இருக்கு மேடம். அடுத்த வாரம் வந்துரும்."

அந்த அடுத்த வாரத்தை நினைச்சா எனக்கு இன்னிக்கும் நெஞ்சு எரியும். ஒவ்வொரு திங்கக்கிழமையும் கேப்பேன், ஒவ்வொரு திங்கக்கிழமையும் அடுத்த வாரம்பாரு. சிரிச்சுட்டே சொல்லுவாரு. சிரிக்கிற ஆள்கிட்ட எப்படிச் சண்டை போட? அதைச் சொல்லு.

அங்க இருந்து பிக்கப் வண்டியில அரை நாள் பயணம். செங்கல் வீடு, தகரக் கூரை. கரண்டு கிடையாது. வீட்டுல என்கூட இருக்குறதுக்கு டோரிகான்னு ஒருத்தியைப் போட்டிருந்தாங்க. நாப்பது வயசு இருக்கும். சமையலும் அவதான், எனக்கு இங்கிலீஷ்ல மொழிபெயர்க்கிறதும் அவதான், காவலும் அவதான். புதுசா வந்த ஆளைத் தனியா விடக்கூடாதுன்னு ஆபீஸ் சட்டம். நான் கக்கூஸுக்குப் போனாலும் வெளியில நின்னு பாட்டுப் பாடிட்டு இருப்பா.

சாப்பாடு உனக்குக் கஷ்டமில்ல. மக்காச்சோள மாவைக் கிண்டி ந்சீமான்னு வைப்பாங்க. நம்ம களிதான், நிறம் மட்டும் வெள்ளை. கூட பீன்ஸ், கீரை. நான் ஒருநாள் தக்காளி ரசம் வெச்சேன். டோரிகா ஒரு வாய் குடிச்சுட்டு, ரொம்ப மரியாதையா, "எனக்கு இப்ப சளி இல்ல அமாயி"ன்னா. அமாயின்னா அங்க அம்மா. எல்லாரும் என்னை அமாயின்னுதான் கூப்பிட்டாங்க. அதுல குறை சொல்ல மாட்டேன்.

ஆனா ஒரு வாளித் தண்ணி தூக்க விட்டாங்களா என்னை? அடிபம்புக்குப் போனா வரிசையில நிக்குற பொம்பளைக எல்லாம் ஒதுங்கி என்னை முன்னாடி தள்ளிவிடுவாளுக. எவளாவது ஒருத்தி என் வாளியைப் பிடுங்கித் தலையில வெச்சுட்டு வீடு வரைக்கும் நடப்பா. நான் பின்னாடி கையை வீசிட்டுப் போகணும். உதவி செய்யப் போனவளா, விருந்துக்குப் போனவளா? சந்தைக்குப் போனா இன்னொரு கூத்து. அங்க நம்ம நாட்டு ஆளுக நிறையக் கடை வெச்சிருக்காங்க, அதனால என்னைப் பாத்ததும், எந்தக் கடையம்மா நீங்கன்னு கேப்பாங்க. "கடை இல்ல, சேவைக்கு வந்திருக்கேன்னு சொல்லு டோரிகா"ன்னேன். அவ என்னமோ சொன்னா. தக்காளிக்காரன் ஐயோ பாவம்னு என்னைப் பாத்து ரெண்டு பழம் கூடப் போட்டான். "என்னடி சொன்னே?"ன்னு கேட்டா, "நீங்க கடையை மூடிட்டீங்கன்னு சொன்னேன்"ங்கிறா.

அப்படித்தான் அவ மொழிபெயர்ப்பு. இது உனக்கு முக்கியம், ஞாபகம் வெச்சுக்க. நான் அஞ்சு நிமிஷம் திட்டுவேன், அவ அரை வரியில முடிச்சுருவா, எல்லாரும் கை தட்டுவாளுக. அவளுக அஞ்சு நிமிஷம் பேசுவாளுக, இவ என்கிட்டத் திரும்பி, "நன்றின்னு சொல்றாங்க"ம்பா.

சரி, கிளாஸுக்கு வரேன். சர்ச்சுக்குப் பக்கத்துல ஒரு ஹாலு. பதினஞ்சு இருபது பொம்பளைக பேர் கொடுத்திருந்தாங்க. படிப்பு முடிஞ்சதும் ஆளுக்கொரு தையல் மெஷின் சொந்தமாக் கிடைக்கும்னு லிம்பானி சொல்லி வெச்சிருந்தாரு. அந்த ஊருல மெஷின்னா சின்ன விஷயமில்ல தாயி. கடை வராந்தாவுல மெஷினைப் போட்டுத் தைக்கிறதெல்லாம் ஆம்பளைகதான். ஒரு பொம்பளைக்கு மெஷின் வந்தா அவ குடும்பம் நிமிந்துரும்.

முதல் வாரமே பாத்தேன். ஒருத்தி எட்டு மணிக்கு வாரா, ஒருத்தி பத்து மணிக்கு வாரா, ஒருத்தி பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு வந்து சும்மா எட்டிப் பாத்துட்டுப் போறா. எனக்கு இது ஆகாது. லிம்பானியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிருவேன். மூணு நாள் வராதவ பேரை நீக்கிருவேன். ஒருநாள்கூடத் தவறாம வந்தவளுக்குத்தான் மெஷின்ல முதல் உரிமை."

லிம்பானி தலையைச் சொறிஞ்சாரு. "மழை வரப் போகுது மேடம். கொஞ்சம் பொறுத்து..."

"மழை வந்தா? நான் மழை பெய்யாத ஊருல இருந்தா வந்திருக்கேன்? எங்க ஊருல மழை பெஞ்சா ஐடிஐக்கு லீவு விட்டாங்களா?"

வருகை நல்லா இருந்தா நிதி கொடுக்குறவங்களுக்கும் பிடிக்கும்னு அவருக்கும் ஒரு நினைப்பு. சரின்னுட்டாரு. சரின்னாருல்ல? அப்புறம் என்னைக் குத்தம் சொல்லி என்ன பிரயோசனம்?

அந்தப் பொம்பளைகள்ல எலினெஸ்னு ஒருத்தி. முப்பது வயசு இருக்கும், ஒல்லி, அதிகம் பேச மாட்டா. புருஷன் தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். மூணு பிள்ளைக. எங்கயோ தூரத்துல இருந்து நடந்து வருவா, ஆனா நான் போய்க் கதவைத் திறக்கும்போது படியில உக்காந்திருப்பா. பட்டன் ஹோல் தைச்சாள்னா கண்ணுல ஒத்திக்கலாம். எனக்கு சர்வீஸ்ல அப்படி ஒரு பிள்ளை கிடைக்கல.

இன்னொருத்தி சிசோமோ. இவளுக்கு நேர் எதிர். ஆளும் பெருசு, சிரிப்பும் பெருசு. என் நடையை அப்படியே நடந்து காட்டி மத்தவளுகளைச் சிரிக்க வைப்பா. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு.

கார்த்திகையில மழை இறங்குச்சு பாரு. அப்படி ஒரு மழை. தகரக் கூரையில கல்லைக் கொட்டின மாதிரி சத்தம். அன்னிக்கு ஹாலுக்குப் போனா பாதிப்பேரு இல்ல. எலினெஸ் மட்டும் படியில நனைஞ்சு போய் உக்காந்திருக்கா. நான் எட்டு மணிக்குக் கதவைப் பூட்டினேன். கொஞ்ச நேரங்கழிச்சு சிசோமோவும் இன்னும் சில பேரும் வந்து கதவைத் தட்டுறாளுக. ஜன்னலைத் திறந்து பாத்தேன். சிசோமோ கையை வானத்துக்குக் காட்டுறா, தரையைக் காட்டுறா, மழைக்குள்ள நின்னு என்னென்னமோ சொல்றா. சாமி வந்தவ மாதிரி பேசுறா. "என்ன சொல்றா?"ன்னு டோரிகாவைக் கேட்டேன்.

டோரிகா கொஞ்சம் யோசிச்சா. "மழைன்னு சொல்றா அமாயி."

"எனக்குக் கண்ணு தெரியுது. வேற?"

"நன்றின்னு சொல்றா."

கதவைத் திறக்கல. அவளுக போய்ட்டாளுக. மூணு நாள் வரல. சிசோமோ பேரையும் அவகூடப் போனவளுக பேரையும் நீக்கிட்டேன். மிச்சம் இருந்தவளுக பயந்துபோய் எட்டுக்கு முன்னாடியே வர ஆரம்பிச்சாளுக. எனக்குத் திருப்தியா இருந்துச்சு. உள்ளதைச் சொல்றேன்.

ஆனா என்னத்தைச் சொல்லிக் கொடுக்க? மெஷின் இல்ல. பேப்பர்ல பேட்டர்ன் வெட்டினோம். நான் கொண்டுபோன பேப்பர் தீந்து போச்சு. மாவுச் சாக்கைப் பிரிச்சு வெட்டினோம். கைத்தையல், காஜா, பட்டன், மறுபடி கைத்தையல். தைச்சதைப் பிரிச்சுத் திரும்பத் தைக்கச் சொன்னேன். நூல் தீந்துறக்கூடாதுல்ல. ஒரு டீச்சருக்கு இதை விட அவமானம் உண்டா? ராத்திரி படுத்தா கூரையைப் பாத்துட்டு, இந்நேரம் மெஷின் இருந்தா இவளுக சட்டை முடிச்சிருப்பாளுக, பாவாடை முடிச்சிருப்பாளுகன்னு புலம்புவேன். டோரிகா அடுத்த அறையில இருந்து பாட ஆரம்பிச்சுருவா. நான் அழறேன்னு நினைச்சுக்கிட்டா போல.

ஒருநாள் எலினெஸ் முழங்கால் வரைக்கும் சேறோட வந்தா. கையெல்லாம் மண்ணு. நகக்கண்ணுல மண்ணு. வெள்ளைத் துணியில எம்ப்ராய்டரி போட வெச்சிருந்தேன், அது என்னத்துக்கு ஆகும்? "தையல்காரி கை எப்படி இருக்கணும்? போய்க் கழுவிட்டு வா. இனிமே இப்படி வரக்கூடாது"ன்னு கண்டிச்சுச் சொன்னேன். இந்தத் தடவை டோரிகா சுருக்காம முழுசாவே சொன்னான்னு நினைக்கிறேன், ஏன்னா எலினெஸ் முகம் மாறிப் போச்சு. மறுநாள்ல இருந்து பளிச்சுன்னு வந்தா. ஒரு பொட்டு மண்ணு கிடையாது. நான் எல்லார் முன்னாடியும் அவளைப் பாராட்டினேன்.

அப்புறம் அந்தப் போட்டோ. நீ பாத்திருப்பியே, சங்கத்து வெப்சைட்ல இருக்கே, நான் மெஷினுக்குப் பக்கத்துல குனிஞ்சு நிக்குறது, எலினெஸ் தைக்கிறது. அதைப் பாத்துட்டுத்தான் நீயே சேந்திருப்பே. அது யாரு மெஷின் தெரியுமா? கடை வராந்தாவுல தைக்குற வைசன்ங்கிறவரு மெஷின். நிதி கொடுக்குற இடத்துல இருந்து போட்டோ எடுக்க ஆள் வாராங்க, மெஷின் இல்லாம எப்படின்னு லிம்பானி போய் வாடகைக்குத் தூக்கிட்டு வந்துட்டாரு. வைசனும் கூடவே வந்துட்டாரு, மெஷினை விட்டுப் பிரிய மனசில்ல. போட்டோவுல இடது ஓரத்துல ஒரு நிழல் விழும் பாரு, அது அவருதான். எலினெஸ் மெஷின்ல உக்காந்து காலை வெச்சது அந்த ஒரே தடவைதான். பெல்ட்டைக் கழட்டி வெச்சிருந்தாரு வைசன், ஓட்டிக் கெடுத்துருவாளுகன்னு. ஓடாத மெஷின்ல கையை வெச்சுக்கிட்டு அவ சிரிச்ச சிரிப்பு நெசமான சிரிப்பு. அதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கல.

எனக்கு ஆத்திரம் தாங்கல. "இது பொய்யில்லையா?"ன்னு லிம்பானியைக் கேட்டா, "மெஷின் வரத்தானே போகுது மேடம், கொஞ்சம் முன்னாடியே போட்டோ எடுக்குறோம்"ங்கிறாரு.

போட்டோக்காரங்க போன பிறகு வைசன் மெஷினைத் துடைச்சுக்கிட்டே என்கிட்டப் பேசினாரு. வெளியூர்ல வேலை பாத்த ஆளு, இங்கிலீஷ் நல்லா வரும்.

"மேடம், நீங்க எப்ப ஊருக்குப் போறீங்க?"

"ஏன்? மாசியில."

"அதுக்கு முன்னாடி போக முடியாதா?"

எனக்கு வந்துச்சு பாரு கோவம். "நான் போனா உங்களுக்கு என்ன லாபம்? பொம்பளைக தைக்கக் கத்துக்கிட்டா உங்க பொழப்புல மண்ணு விழும், அதானே?"

அவரு சிரிக்கல. "அது உண்மைதான் மேடம். ஆனா அதுக்காகக் கேக்கல. என் சம்சாரம் சோளம் விதைச்சு முழங்கால் உயரம் வந்துருச்சு. ஊருல எல்லாரும் விதைச்சுட்டாங்க. உங்க கிளாஸுக்கு வர்றவங்க காடு மட்டும் அப்படியே கிடக்கு. நீங்க போனாத்தான் அவங்க விதைப்பாங்க."

"நான் கரிசக்காட்டுல பிறந்தவய்யா. எனக்கே விதைப்பைப் பத்திச் சொல்லித் தாரீங்களா?"ன்னு கேட்டுட்டு விறுவிறுன்னு வீட்டுக்கு வந்துட்டேன்.

வந்து உக்காந்தா மனசு கேக்கல. எங்கய்யா புரட்டாசி கடைசியில வானத்தைப் பாத்துட்டே இருப்பாரு. முதல் மழை விழுந்த அன்னிக்கு வீட்டுல அடுப்பு எரியாது, எல்லாரும் காட்டுல நிப்போம். நாலு நாள் தள்ளிப் போனாலும் அந்த வருஷம் போச்சு. நான் படிச்சு வேலைக்கு வந்து, அந்தக் காட்டை வித்து எத்தனை காலம் ஆச்சு. டோரிகாவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"ஏன்டி என்கிட்டச் சொல்லல?"

"சொன்னேனே அமாயி."

"என்ன சொன்னே?"

"மழைன்னு சொன்னேன்."

"மழைன்னு சொன்னா? விதைக்கணும்னு சொல்ல வேண்டாமா?"

அவ என்னை அதிசயமாப் பாத்தா. "மழைன்னா அதுதானே அமாயி?"

இதெல்லாம் ஒரு பதிலா? நீயே சொல்லு. மழைன்னா மழை. ஒரு டீச்சர்கிட்டப் பேசுறவங்க விளக்கமாச் சொல்லணுமா வேண்டாமா? அங்க அதான் பெரிய குறை. யாரும் எதையும் நேரடியாச் சொல்ல மாட்டாங்க.

மறுநாளே கிளாஸுக்கு ரெண்டு வாரம் லீவுன்னு சொன்னேன். லிம்பானி ஓடி வந்தாரு. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வகுப்பு நடக்கும்னு எழுதிக் கொடுத்திருக்கு, நிறுத்தக் கூடாதுன்னாரு. சங்கத்தோட பெங்களூர் ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. ஒரு சின்னப் பொண்ணு, உன் வயசுதான் இருக்கும், "மேடம், யூ ஷுட் ரெஸ்பெக்ட் தி ஷெட்யூல்"ங்கிறா. என்கிட்ட! ஷெட்யூலை மதிக்கிறது எப்படின்னு நான் அவளுக்குச் சொல்லித் தருவேன். போனை வெச்சுட்டேன்.

எல்லாரும் காட்டுக்குப் போய்ட்டாளுக. எலினெஸ் போகல. காலையில ஹாலைத் தாண்டிப் போறேன், படியில உக்காந்திருக்கா. "லீவுன்னு சொல்லியாச்சே, ஏன் வந்தே?"ன்னு கேட்டேன். சிரிக்கிறா. எந்திரிக்கல. மறுநாளும் வந்து உக்காந்திருக்கா. டோரிகா பேசிப் பாத்துட்டு என்கிட்ட வந்து, "இது பரீட்சைன்னு நினைக்கிறா அமாயி. யாரு வராம இருக்காங்கன்னு பாக்குறதுக்கு நீங்க வெச்ச பரீட்சைன்னு நினைக்கிறா"ன்னா.

எனக்கு அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல. கடைசியில அவ கையைப் பிடிச்சு எழுப்பி, நானே அவகூட நடந்தேன். டோரிகா பின்னாடி குடையோட ஓடி வாரா. நடக்க நடக்கத் தூரம் தீரல தாயி. தினமும் இம்புட்டுத் தூரமா நடந்து வந்தான்னு அன்னிக்குத்தான் தெரியும். வழியெல்லாம் ரெண்டு பக்கமும் சோளம், இடுப்பு உயரத்துக்குப் பச்சையா நிக்குது. இவ காட்டுக்கு வந்தா களை. ஒரு ஓரத்துல மட்டும் கொஞ்சம் சோளம் முளைச்சு நின்னுச்சு. அது என்னன்னு கேட்டேன். விடியக்காலம் எந்திரிச்சு விதைச்சுட்டுக் கிளாஸுக்கு வந்துட்டு இருந்தாளாம். அப்புறம் விட்டுட்டாளாம்.

"ஏன் விட்டா?"ன்னு டோரிகாவைக் கேட்டேன். டோரிகா குனிஞ்சு களை பிடுங்க ஆரம்பிச்சுட்டா. அவகிட்ட அந்தப் பழக்கம் உண்டு, பிடிக்காத கேள்விக்குக் காது கேக்காது.

நானும் மம்பட்டியை வாங்கினேன். அங்க கரை கரையா மண்ணை அணைச்சு, மேல குழி போட்டு விதைக்கணும். மூணு கரை அணைச்சிருப்பேன், இடுப்புல பிடிச்சுச்சு பாரு, அப்படியே உக்காந்துட்டேன். எலினெஸும் டோரிகாவும் என்னைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்தாளுக. அந்த ஒரு நாளும் அவளுக்கு என்னாலதான் வீணாப் போச்சு. நான் படுக்கையில கிடந்தேன். ஆபீஸ்ல இருந்து மறுபடி போன். காட்டு வேலைக்கு இன்சூரன்ஸ் கிடையாதாம். அதைச் சொல்லத்தான் அவ்வளவு அவசரம்.

தை மாசம் மெஷின் வந்துச்சு. ஆமா தாயி, வந்துச்சு. லாரி வந்து நிக்குது, ஊரே கூடி நிக்குது, பொம்பளைக குலவை போடுறாளுக. பெட்டியைப் பிரிச்சா, தலை மட்டும் இருக்கு. கால் மிதிக்கிற ஸ்டாண்டு இல்ல. பலகை இல்ல. ஸ்டாண்டு எல்லாம் வேற கப்பல்ல வருதாம். லிம்பானியைப் பாத்தேன். மனுஷன் அன்னிக்குச் சிரிக்கல. "அடுத்த..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டாரு.

நான் சொல்றேன் கேட்டுக்க, அந்த ஸ்டாண்டு ஒழுங்கா வந்திருந்தா இவ்வளவு நடந்திருக்காது. கார்த்திகையிலேயே மெஷின் வந்திருந்தா ரெண்டு மாசத்துல படிப்பை முடிச்சிருப்பேன். எல்லாம் அந்தக் கப்பல்காரனால வந்தது.

மாசியில நான் கிளம்புற அன்னிக்கு ஹால்ல எனக்கு வழியனுப்பு விழா வெச்சாங்க. பாட்டு, கூத்து. அந்த நேரம் சிசோமோ வந்தா. நான் பேரை நீக்கினவ. தலையில ஒரு கூடை. இறக்கி வெச்சா, உள்ள பச்சைச் சோளக் கதிரு, ஒவ்வொண்ணும் முழங்கை நீளம். அங்கனயே தீ மூட்டிச் சுட்டு முதல் கதிரை என்கிட்ட நீட்டுறா. அன்னிக்கு மழையில நின்னு கத்தினவ, இப்ப ஒண்ணுமே நடக்காத மாதிரி சிரிக்கிறா. வாங்காம இருக்க முடியுமா? கடிச்சா பால் மாதிரி இனிப்பு. சிசோமோ எல்லாருக்கும் கொடுத்தா. அவகூட நீக்கினவளுகளும் ஆளுக்குக் கொஞ்சம் கதிரு கொண்டாந்திருந்தாளுக. நான் பேர் வெச்சிருந்தவளுக எல்லாம் வெறுங்கையோட வந்து வாங்கித் தின்னாளுக. எலினெஸும் தின்னா, ஒரு கதிரைத் தின்னுட்டு ரெண்டைப் பிள்ளைகளுக்கு மடியில கட்டிக்கிட்டா.

தை பாதியில மழை நின்னு போச்சு தாயி. பிந்தி விதைச்சதெல்லாம் பூ எடுக்கும்போது காஞ்சு போச்சு. சொல்பேச்சுக் கேட்டு நேரத்துக்கு வந்தவளுகளுக்கு இந்தக் கதி, அடங்காதவ வீட்டுல சோளம். என்ன நியாயம் இது? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், பிடிபடல.

டோரிகா மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவா. எல்லாரும் சௌக்கியம் அமாயி, எல்லாம் நல்லா இருக்கு அமாயிம்பா. அவ சொல்றதை நம்பக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்ல, போன வாரம் விடாமக் கேட்டேன். எலினெஸ் எப்படி இருக்கா, உள்ளதைச் சொல்லுன்னேன். அப்பத்தான் சொன்னா. வீட்டுல மாவு தீந்து எத்தனையோ மாசமாச்சாம். எலினெஸ் இப்ப சிசோமோ காட்டுல கூலிக்கு மண்ணு அணைக்கிறாளாம். கூலின்னா காசு இல்ல, மாவு. வர்ற மழைக்கும் முதல்ல சிசோமோ காடு, அப்புறந்தான் இவ காடு. ஸ்டாண்டு இன்னும் வரல. ஆனா தினமும் காலையில ஹாலைத் திறந்து, அந்த மெஷின் தலையெல்லாம் எடுத்துத் தூசி தட்டித் துடைச்சு வெச்சுட்டுத்தான் வேலைக்குப் போறாளாம். யாரும் அவளைச் செய்யச் சொல்லல.

நீ எப்போ ஏறுறே? ஐப்பசிக் கடைசியா? நான் போன அதே நேரம். அவங்களுக்கு உன் பேரு வரைக்கும் தெரிஞ்சிருக்கு, புது டீச்சர் வாராங்கன்னு லிம்பானி சொல்லிட்டாராம். அதைக் கேட்டுட்டு எலினெஸ் டோரிகாகிட்ட ஒண்ணு விசாரிக்கச் சொல்லிருக்கா. என்னன்னா, போன வருஷம் நான் ஒருநாள் தவறாம வந்தேனே, புது அமாயி அதையும் கணக்குல சேத்துப்பாங்களா, இல்ல மறுபடி முதல்ல இருந்து வரணுமான்னு.

போனைப் பிடிச்சுட்டு அப்படியே நிக்குறேன். எங்க வீட்டுக்காரரு, "என்ன?"ங்குறாரு. ஒண்ணுமில்லன்னுட்டேன்.

நீ சேத்துக்க தாயி. யாரு என்ன சொன்னாலும் சேத்துக்க. ஸ்டாண்டு வந்தா முதல் மெஷின் அவளுக்குக் கொடு. வருகைப் பதிவேட்டுல நடுவுல ரெண்டு வாரம் அவ பேருக்கு நேரா காலியா இருக்கும். அது அவ வராம இருந்தது இல்ல, நான் விட்ட லீவு. அதைக் குறைச்சுறாத.